செல்ஃப் எடுக்குது... ஆனா வண்டி பிடிக்கல!

"வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று போன் போட்டால், விவரமான மெக்கானிக் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "செல்ஃப் எடுக்குதா?"

அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்குகிறது, டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப்போகிறது என்றால் அது செல்ஃப் எடுக்காத வண்டி. பேட்டரி, அதன் டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று தேட வேண்டிய இடம் வேறு. 'கிர்... கிர்... கிர்...' என்று என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் உயிர் மட்டும் வரவில்லை என்றால் அது செல்ஃப் எடுத்தும் பிடிக்காத வண்டி. அங்கே பேட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதற்கு அப்பால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

நாம் இரண்டுக்கும் சேர்த்து 'ஸ்டார்ட் ஆகல' என்று ஒரே வார்த்தையைச் சொல்லிவிடுகிறோம். கோவையில் ஒரு கால் டாக்ஸி குடும்பம், அந்த ஒரு வார்த்தைக்காக 5,200 ரூபாய் கொடுத்து வேண்டாத பேட்டரி ஒன்றை வாங்கியது. செலவு அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவருக்கு வயது 49. சிங்காநல்லூர் பக்கம் வாடகை வீடு. 18 வருடம் மில் வேலை. மில்லை மூடிய பிறகு ஸ்டீயரிங் பிடித்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு ஃபைனான்ஸில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுத்தார். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்தில் தானாகவே கேஸுக்கு மாறிக்கொள்ளும் சி.என்.ஜி வண்டி. மாதம் 5-ம் தேதி டியூ. மகள் காலேஜில் இரண்டாம் வருடம். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஜாக்கெட் தைத்த கணக்கும், டிரிப் கணக்கும் ஒரே நோட்டில்தான். முன்பக்கத்திலிருந்து தையல், பின்பக்கத்திலிருந்து வண்டி.

முதல் முறை வண்டி நின்றது ஒரு ஏப்ரல் மத்தியானம். திருப்பூரிலிருந்து ஒருவரை ஏர்போர்ட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். கருமத்தம்பட்டி தாண்டியதும், யாரோ சுவிட்சை அணைத்தது மாதிரி என்ஜின் அடங்கிப்போனது. திக்கலும் இல்லை, திணறலும் இல்லை. ஓரம் கட்டிவிட்டு சாவியைத் திருகினால் செல்ஃப் பிரமாதமாக எடுக்கிறது. வண்டி பிடிக்கவில்லை. "ஃப்ளைட்டை விட்டா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, பின்னால் வந்த இன்னொரு டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார் வந்தவர். ஆப்பில் ஒரே ஒரு ஸ்டார் விழுந்தது.

அரை மணி நேரம் கழித்து, தெரிந்த கடைக்கு போன் போட்டு 'ஸ்டார்ட் ஆகல' என்று சொல்லி முடித்த கையோடு, சும்மா ஒரு தடவை திருகிப் பார்த்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி பிடித்துக்கொண்டது. கடைக்காரர், "பேட்டரி வீக்கா இருக்கும்ங்ணா, கொண்டு வாங்க" என்றார். புது பேட்டரி போட்டாயிற்று. வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆறிய பிறகு அது பழைய பேட்டரியிலும் ஸ்டார்ட் ஆகித்தான் இருக்கும். அதை அப்போது யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது நாள் மறுபடியும் நின்றது. இந்த முறை வேறு கடை. ப்ளக் நான்கையும் மாற்றி, ஏர் ஃபில்டரையும் மாற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். "ஏதோ ஒரு எரர் இருந்துச்சு, அழிச்சு விட்டாச்சு. இனிமே வராது" என்றார்கள். பில் 2,800 ரூபாய். அழித்த அந்த எரரின் எண் என்ன என்று கடைக்காரரும் குறித்து வைக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை சூலூர் அருகே. இந்த முறை வண்டி நின்றுகிடக்கும்போதே ஒரு மெக்கானிக் பைக்கில் வந்துவிட்டார். பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மேல் காதை வைத்து, "இப்ப செல்ஃப் அடிங்க" என்றார். கேட்டுவிட்டு, "பம்ப் ஓடலைங்ணா. பெட்ரோலே வரல. கேஸ் வண்டிக்காரங்க டேங்க்ல பெட்ரோல் வைக்க மாட்டீங்க. பம்ப் காஞ்சு போயிடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை அந்தப் பெட்ரோலேதான் குளிர வைக்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பம்ப்பின் ஆயுள் குறையும். புது பம்ப் 8,500 ரூபாய். தையல் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் மனைவி.

நான்காம் நாள், பொள்ளாச்சி ரோட்டில் வண்டி மீண்டும் நின்றது.

இதுவரை வந்தவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த பொருளை மாற்றினார்கள். ஆனால், ஒருவரும் வண்டிக்காரரிடம் உட்கார்ந்து கதை கேட்கவில்லை. டாக்டரிடம் போனால் 'எப்போதிலிருந்து வலிக்குது, சாப்பிட்ட பிறகா, வெறும் வயித்துலயா' என்று கேட்கிறார் இல்லையா? அதைக் கேட்காமலேயே மாத்திரை எழுதினால் நாம் சும்மா இருப்போமா? வண்டி விஷயத்தில் இருந்துவிடுகிறோம்.

ஒண்டிப்புதூரில் சின்ன ஷெட் போட்டிருக்கும் ஒருவரிடம் சொந்தக்காரர் சொல்லித்தான் போனார்கள். 35 வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவர். வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"எப்பெல்லாம் நிக்குதுங்ணா?"

"அது திடீர் திடீர்னு நிக்குதுங்க. ஒரு கணக்கே இல்ல."

கூட வந்திருந்த மனைவி பையிலிருந்து நோட்டை எடுத்தார். "கணக்கு இருக்குதுங்க தம்பி."

போன டிரிப் பணத்தை எழுதி வைப்பதற்காகப் போட்ட பக்கம் அது. எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு வாடகை போனது, திரும்ப எப்போது எடுத்தது என்று வரிசையாக ஏழு வரி. 12.40, 1.15, 2.30, 3.50... ஏழுமே மத்தியான நேரம். ஏழுமே நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு. விடியற்காலை ஏர்போர்ட் டிரிப் ஒன்றில்கூட நின்றதில்லை. மழை பெய்த இரண்டு நாளும் நிற்கவில்லை. நின்ற ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணியில் தானாகவே எடுத்திருக்கிறது.

மெக்கானிக் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "அக்கா, இது ஸ்கேன் ரிப்போர்ட்டை விட நல்லா இருக்குதுங்க" என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "நிக்கறப்ப வண்டி கேஸ்ல ஓடிட்டு இருந்துச்சுங்களா, பெட்ரோல்லயா?"

"கேஸ்லதானுங்க."

"கேஸ்ல ஓடற வண்டி, பெட்ரோல் பம்ப் போனா எப்புடிங்ணா நிக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. மனைவி நோட்டில் '8,500' என்று எழுதியிருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்ப் கெட்டுப்போயிருந்தால் நின்ற வண்டி மறுபடி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனால், கேஸில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அதனால் நிற்காது. கேஸில்தான் பிரச்னை என்றால், இவருடைய வண்டி தானாகப் பெட்ரோலுக்கு மாறியிருக்கும். இரண்டு எரிபொருளுமே ஒரே நொடியில் செத்துப்போகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அந்த நொடியில் போய்விடுகிறது. அது சூடானால் போகிறது. ஆறினால் வருகிறது. ஒரு ஸ்பேனர்கூடப் பிடிக்காமல், பத்து நிமிடப் பேச்சில் இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது.

அக்காவுக்குப் புரிய வேண்டும் என்று அவர் ஒரு உதாரணமும் சொன்னார்.

"ஸ்டவ் பத்தலைன்னா மொதல்ல என்னங்க்கா பாப்பீங்க?"

"கேஸ் வாசம் வருதான்னு பாப்பேன்."

"வந்தா?"

"லைட்டர்தான் கோளாறு."

"வரலைன்னா?"

"சிலிண்டர் தீந்திருக்கும். இல்லாட்டி ரெகுலேட்டர் மூடிக் கெடக்கும்."

"என்ஜினும் அவ்ளோதானுங்க்கா."

முழுக்க அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. ஆனால், முக்கால்வாசி அதுதான். பெட்ரோல் என்ஜின் பிடிக்க எரிபொருள் வேண்டும், பொறி வேண்டும், காற்றை உள்ளே இழுத்து அமுக்கும் அழுத்தம் வேண்டும். இந்த மூன்றும் சரியான நேரத்தில் நடக்க வேண்டும். அந்த நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி விழுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒரு சிலிண்டரில் மட்டும் ஒரு விநாடிக்கு 25 பொறி. எந்தக் கணத்தில் விட வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காலத்து அம்பாசிடரிலும் பத்மினியிலும் அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் பார்த்தது. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் இயந்திரம் அது. மூடியைக் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஓட்டிப் போகலாம். இன்றைய வண்டிகளில் அதைச் செய்வது ஈ.சி.எம் என்கிற கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு கண் கிடையாது. என்ஜின் சுற்றுகிறதா, எந்த நிலையில் சுற்றுகிறது என்று அதற்குச் சொல்வது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சென்சார். கிராங்க் சென்சார் என்பார்கள். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு பல் சக்கரத்தின் பக்கத்தில் இது உட்கார்ந்திருக்கும். பல வண்டிகளில் அந்தச் சக்கரத்தில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 பல்தான் இருக்கும். வேண்டுமென்றே விட்ட பொக்கை. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சார் ஒரு சிக்னல் அனுப்பும். பொக்கை வரும்போது கம்ப்யூட்டர், 'சரி, ஒரு சுற்று முடிந்தது' என்று புரிந்துகொள்ளும்.

அந்த சிக்னல் வரவில்லை என்றால்? என்ஜின் ஓடவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடும். பொறியை நிறுத்தும். இன்ஜெக்டரை நிறுத்தும். ஓடாத என்ஜினுக்குப் பெட்ரோல் எதற்கு என்று பம்ப்பையும் நிறுத்தும். விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தால் தீப்பிடித்துவிடும் அல்லவா? அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது.

சூலூரில் டேங்கில் காது வைத்துக் கேட்ட மெக்கானிக் தப்பாகக் கேட்கவில்லை. பம்ப் உண்மையிலேயே ஓடவில்லைதான். அது கெட்டதால் ஓடாமல் இருக்கவில்லை. ஓட வேண்டாம் என்று மேலே இருந்து உத்தரவு. செல்ஃப் அடிப்பதற்கு முன், சாவியை ஆன் பண்ணிய உடனே இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்து நிற்கும். பம்ப் ஒரு தடவை ஓடி, லைனில் பெட்ரோலை நிரப்பும் சத்தம். அதைக் கேட்டிருந்தால் பம்ப் உயிரோடு இருப்பது தெரிந்திருக்கும். அந்த இரண்டு விநாடியின் விலை 8,500 ரூபாய்.

சந்தேகம் எங்கே என்று தெரிந்துவிட்டாலும், ஒண்டிப்புதூர் மெக்கானிக் உடனே சென்சாரை மாற்றிவிடவில்லை. "சந்தேகத்துக்குப் பொருள் மாத்தினா, முந்தி மாத்துனவங்களுக்கும் எனக்கும் என்னங்க்கா வித்தியாசம்? நின்னு காட்டட்டும். அப்பறம் மாத்திக்கலாம்" என்றார்.

நிற்காத வண்டியை நிற்க வைப்பதுதான் கஷ்டம். ஷெட்டுக்குள்ளேயே ஏ.சி-யைப் போட்டு முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். நிற்கவில்லை. சரி என்று ஸ்கேனரையும் மீட்டரையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் மூன்று பேருமாகப் பல்லடம் வரை போனார்கள். நிற்கவில்லை. அங்கே ஆளுக்கு ஒரு டீ. திரும்பி வரும் வழியில், காரணம்பேட்டை தாண்டியதும் அடங்கியது. செத்துப்போன வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மெக்கானிக்கை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. "செல்ஃப் அடிங்கண்ணா. ஆர்.பி.எம் முள்ளைப் பாருங்க" என்றார். என்ஜின் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. முள் பூஜ்யத்தில் அசையாமல் கிடந்தது. செல்ஃப் எடுக்கும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். பல வண்டிகளில் அப்போது முள் கொஞ்சமாவது துடிக்கும். ஸ்கேனரை மாட்டினார்கள். அதிலும் என்ஜின் வேகம் பூஜ்யம். கூடவே ஒரு எரர் எண்: பி-0335. உலகம் முழுக்க ஒரே பொருள்தான் அதற்கு. கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. இரண்டாவது கடையில் குறித்து வைக்காமல் அழித்த எரரும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்போதும் அவர் முடிவு சொல்லவில்லை. சென்சாரின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தார். இணைப்பே இல்லை என்று காட்டியது. தண்ணீரில் துணியை நனைத்து சென்சார் மேல் சுற்றினார். சில நிமிடங்களில் மீட்டரில் எண் வந்தது. பிளக்கை மாட்டி, "அடிங்கண்ணா" என்றார். பிடித்துக்கொண்டது. சென்சாருக்குள் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதில் எங்கேயோ ஒரு விரிசல். சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. புது சென்சார் 1,400 ரூபாய். கூலி 600.

பேட்டரி, ப்ளக், பம்ப் என்று அதுவரை போனது 16,500. நின்றுபோன ஏழு டிரிப் கணக்கு தனி. அந்த மாதம் டியூ ஒன்பது நாள் தள்ளிப்போனது. மகளின் ஃபீஸுக்கு வைத்திருந்த ஒரு ஜோடி தோடு அடகுக்குப் போனது. இதெல்லாமும் நோட்டில் இருக்கிறது.

எல்லா வண்டியிலும் கிராங்க் சென்சார்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு யாரும் போய் அதை மாற்றிவிட வேண்டாம். அதுவும் பம்ப்பை மாற்றிய கதைதான் ஆகும். செல்ஃப் எடுத்தும் பிடிக்காத வண்டிக்குக் காரணங்கள் நிறைய. ஆனால், மெக்கானிக் வருவதற்குள் நாமே சிலவற்றைப் பார்த்துவிடலாம். காசு செலவில்லாதது எதுவோ அதில் தொடங்குவது நல்லது.

முதலில் பெட்ரோல் முள். சிரிக்காதீர்கள். ரோட்டில் நிற்கும் வண்டிகளில் இதுவும் உண்டு. அடுத்து, சாவியை ஆன் செய்ததும் அந்த இரண்டு விநாடி 'ம்ம்ம்'. ரேடியோ, ஏ.சி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். வரவே இல்லை என்றால் பம்ப்போ, அதன் ஃபியூஸோ, ரிலேயோ. இருபது ரூபாய் ஃபியூஸைப் பார்ப்பதற்கு முன்னால் பம்ப்புக்குப் பணம் எடுக்க வேண்டாம். அப்புறம் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னுகிறதா என்று பாருங்கள். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். சில வண்டிகள் அப்போது செல்ஃப் எடுக்கும், ஆனால் பிடிக்கவிடாது. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான் வைத்தியம்.

பலமுறை அடித்து அடித்துப் பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால், ப்ளக் பெட்ரோலில் நனைந்திருக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். பழைய கார்புரேட்டர் வண்டியில் செய்த மாதிரி மிதித்து மிதித்து விடுவது வேறு; இது மிதித்தபடியே வைத்திருப்பது. எப்படி இருந்தாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவில் ஒரு நிமிடமாவது விட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் அதிக நேரம் ஓடச் செய்யப்பட்டதில்லை.

சத்தத்தையும் கவனியுங்கள். வழக்கமாக 'கிர்... கிர்...' என்று ஒரு தாளத்தில் வரும் சத்தம், தாளமே இல்லாமல் 'விர்ர்ர்' என்று லேசாக, வேகமாகச் சுற்றினால் சாவியை எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம். மேலும் மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதி, ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்தில் போய் நிற்கும்.

எலியையும் விட முடியாது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வண்டி பிடிக்கவில்லை என்றால், பானட்டைத் திறந்து வயரைப் பாருங்கள். சூடான என்ஜின் அறை அதற்கு நல்ல பிரசவ வார்டு. புகையிலை, அந்துருண்டை என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எலிதான் அதையெல்லாம் படித்ததாகத் தெரியவில்லை.

டீசல் வண்டிக்குப் ப்ளக் பொறி கிடையாது. ஏர் லாக், டீசல் ஃபில்டரில் தண்ணீர் என்று அதன் உலகம் வேறு.

வண்டி நின்றதும் நம் ஊரில் கேட்கும் முதல் குரல், "இறங்கித் தள்ளுங்கப்பா!" யோசித்துப் பாருங்கள். தள்ளுவது எதற்கு? என்ஜினைச் சுற்ற வைப்பதற்கு. அதை செல்ஃபே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. பழைய அம்பாசிடரிலும் ஜீப்பிலும் முன்னால் கம்பியை விட்டுக் கையால் சுற்றினார்கள். அதன் இடத்துக்கு வந்ததுதான் செல்ஃப் ஸ்டார்ட்டர். 1912-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி கேடிலாக் காரில் வந்தது. அதன் வால் அறுந்துதான் நம் ஊரில் 'செல்ஃப்' ஆனது. அந்த மோட்டார் சுற்றியும் பிடிக்காத என்ஜின், நான்கு பேர் தள்ளினால் பிடித்துவிடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று, இது மழைக்காலத்துக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில், வெள்ளம் கெடுத்ததைவிட வெள்ளம் வடிந்த பிறகு திருகிய சாவி கெடுத்தது அதிகமாக இருந்த வண்டிகளும் உண்டு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் அந்தச் செலவு பெரும்பாலும் வராது. என்ஜினுக்கென்று தனியாகச் சேர்த்த பாலிசி இருக்க வேண்டும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

சிங்காநல்லூர் வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. அந்த வருட வெயில் முழுக்க ஓடியது. அடகு வைத்த தோடு ஆடி மாதம் வீட்டுக்கு வந்தது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, ஏர்போர்ட் டிரிப்புக்குக் கிளம்பும்போது மறுபடி அதே சத்தம். செல்ஃப் எடுக்கிறது. வண்டி பிடிக்கவில்லை. அவருக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால், இந்த முறை போனில் 'ஸ்டார்ட் ஆகல' என்று சொல்லவில்லை.

"தம்பி, செல்ஃப் நல்லா எடுக்குதுங்க. வண்டி புடிக்கல. ஆர்.பி.எம் முள்ளு ஆடுது. பம்ப் சத்தம் கேக்குது, கொஞ்சம் கரகரன்னு. ராத்திரி எல்லாம் கேஸ்லதான் ஓட்டுனேன். கேஸ் ஃபுல்லா இருக்கு."

அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஒரு சின்ன மௌனம்.

"பெட்ரோல் முள்ளு எங்கீங்ணா நிக்குது?"

அவர் பார்த்தார்.

அன்று ஏர்போர்ட் டிரிப்பைப் பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர் எடுத்துக்கொண்டார். நோட்டின் பின்பக்கத்தில், அந்தத் தேதிக்கு நேராக மனைவி எழுதியிருப்பது இது: 'வண்டி நின்றது, காலை 4.10. மெக்கானிக் செலவு இல்லை. பெட்ரோல் 500.'